ஏறுமுன்னே இறங்கும் விமானம்

எங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளியூருக்குக் கிளம்பினால் முதலில் ஒளிந்துகொள்வது துடைப்பம்தான். போனவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரியும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது, கழுவக் கூடாது, பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது. செத்தவரை எடுத்துக்கொண்டு போன பிறகு செய்கிற வேலைகள் அவை. உயிரோடு கிளம்பிப் போனவர் முதுகுக்குப் பின்னால் அவற்றைச் செய்யலாமா என்பது என் மாமியாரின் கேள்வி. என் பிறந்த வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் அங்கே அப்பா ரயில் ஏறின அரை மணி நேரத்தில் அம்மா சத்தமில்லாமல் கூட்டிவிடுவாள். மாமியாரிடம் அந்தப் பாச்சா எல்லாம் பலிக்காது.

அதனால் எந்த ஊர் எவ்வளவு தூரம், போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பது எங்கள் வீட்டில் பொது அறிவு அல்ல, சமையலறை விஷயம். பெங்களூர் என்றால் மத்தியானத்துக்கு மேல் பெருக்கலாம். சேலம் என்றால் மறுநாள் காலை. நாங்கள் இருந்ததோ மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பூஜைச் சாமான் கடைக்கு மேலே மாடியில். ஒரு நாள் பெருக்காவிட்டால் வீடு முழுக்க ஊதுவத்தித் தூளும் வாடின மல்லிகையும்தான். எனக்கு மூக்கின் மேல் கோபம் வேறு. கால் வைக்கிற இடமெல்லாம் நறநறவென்றால் யாரிடமாவது பாய்ந்து விழுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் ஒரு ஊதுவத்திக் கம்பெனியில் சரக்கு வாங்கும் வேலையில் இருந்தார். சாம்பிராணி சுமத்ராவிலிருந்து வருகிறது என்பதே அவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரியும். ஒரு தடவை சரக்கு மோசமாக வந்துவிட்டது என்று, நேரில் போய்ப் பார்த்து வாங்க கம்பெனி அவரையே அனுப்பியது. மெட்ராஸ் வரை ரயில், மெட்ராஸிலிருந்து பினாங்குக்கு விமானம், மறுநாள் பினாங்கிலிருந்து கடலைத் தாண்டி சுமத்ராவில் இருக்கும் மேடான் என்ற ஊருக்கு இன்னொரு சின்ன விமானம். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதன்முதலில் ஆகாயத்தில் ஏறப் போகிறவர் அவர்தான். கொள்ளேகாலிலிருந்து மாமியாரின் அண்ணன் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார். மருமகன் ஏறப் போகிற விமானத்துக்கு எத்தனை சக்கரம் என்பதுவரை கேட்டார். அந்த மனிதருக்கு அப்போதே உடம்பு சரியில்லை. மூன்று படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினார்.

கிளம்பும் முன்பு மாமியார் மகனை உட்காரவைத்து டிக்கெட்டைப் படிக்கச் சொன்னார். துடைப்பம் எப்போது வெளியே வரும் என்று தெரிய வேண்டுமே. கடைசி விமானம் புதன்கிழமை. பினாங்கில் மூன்றரைக்குக் கிளம்புகிறது, மேடானில் மூன்றேகாலுக்கு இறங்குகிறது என்று அவர் படித்தார்.

"இதென்ன கண்ணு?" என்றார் மாமியார். "மூணரைக்கு ஏறி மூணேகாலுக்கு எறங்கறயா? ஏறறதுக்கு முந்தியே எப்படி எறங்குவ?"

"அது அப்படித்தாம்மா. ரெண்டு ஊர்லயும் டைம் வேற வேற."

"டைம் வேறன்னா? பொழுது கூடவா வேற?"

"அய்யோ, முக்கா மணி நேரத்துல போயிரும்மா. அவ்வளவுதான்." பெட்டி மூடிக்கொள்ளாததால் அவர் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். விளக்கிச் சொல்லும் நிலையில் இல்லை.

மாமியார் விரல் விட்டார். "மூணரையும் முக்காலும் நாலேகாலு. புதங்கெழம நாலேகாலுக்கு எறங்கறான். அப்பறம் பெருக்கிக்கலாம்." மூன்றேகால் என்று அச்சடித்திருந்ததை அவர் அச்சுப் பிழை என்று தள்ளிவிட்டார். எனக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. கிளம்பும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்கிற வண்டி ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்றால், அது எப்படி என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. நான் அப்படிப்பட்ட பிறவி.

திங்கட்கிழமை சாயங்காலம் அவரை மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டு வரும் வழியிலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸில் நுழைந்தேன். அங்கே இருந்த பையன் கன்னடத்தில், "அல்லி டைமே பேரே மேடம்" என்றான். அங்கே மணியே வேறாம். அதுதான் எனக்கும் தெரியுமே. எவ்வளவு வேறு என்று பிடித்துக்கொண்டேன். அவன் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். பினாங்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மேடான் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முன்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்களாம்.

வீட்டுக்கு வந்து, என் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து விரித்தேன். கன்னட எழுத்தில் ஊர்ப் பெயர் போட்ட அட்லஸ். பினாங்குக்கும் மேடானுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கடல். தையல் நூலை வைத்து அளந்தேன். பிறகு அதே படத்தின் மூலையில் இருந்த அளவுகோலில் நூலை வைத்துக் கணக்குப் போட்டால், மைசூர் பெங்களூர் தூரத்தைப் போல இரண்டு மடங்கு. ஒரு தடவை போய்த் திரும்புகிற தூரம், அவ்வளவே. பெங்களூர் போய்த் திரும்பினால் எனக்கு ஒரு பகலே போய்விடும். இந்த மனிதர் முக்கால் மணியில் போகிறார். போதாததற்கு, கடிகாரத்தில் கால் மணி நேரம் மிச்சம் வேறு பிடிக்கிறார். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

விசித்திரம் அதோடு நிற்கவில்லை. படத்தில் பார்த்தால் இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒன்றின் கீழ் ஒன்று. சூரியன் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் உச்சிக்கு வரும். அப்புறம் எதற்கு ஒரு மணி நேர வித்தியாசம்? தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. பினாங்கின் மூன்றரை என்பது நமக்கு ஒரு மணி. மேடானின் மூன்றேகால் என்பது நமக்கு ஒன்றே முக்கால். புதன்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு அவர் இறங்கிவிடுவார். மாமியாரிடம் சொன்னேன். "நீ சொல்றயேன்னு ரெண்டு மணிக்கெல்லாம் நான் பெருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

புதன்கிழமை காலையில் கீழே கடைக்குப் போன் வந்தது. கொள்ளேகால் மாமா விடியற்காலையில் போய்விட்டார்.

மாமியார் அழவில்லை. கடைக்காரர் சொல்லி முடித்ததும், "எப்ப எடுக்கறாங்களாம்?" என்று மட்டும் கேட்டார். ராகு காலம் முடிந்து இரண்டு மணிக்கு. அதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பாடை தெரு தாண்டியதும் அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். கூடப் பிறந்தவள் ஊற்றிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? ஆனால் அவர் கணக்குப்படி இரண்டு மணிக்கு மகன் விமானத்தில் ஏறியே இருக்கமாட்டான். நடுவழியில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவள், பிணம் போன வாசலில் நின்று தலை முழுகுவதா?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவர் முடிவைச் சொன்னார். "மூஞ்சியப் பாத்துட்டு, எடுக்கறதுக்கு முந்தியே திரும்பிர்றேன். என்ற நெலமை அண்ணனுக்குத் தெரியும்."

அவருக்குத் தாய் தகப்பன் போய் ரொம்ப வருஷம். பிறந்த வீடு என்று இருந்தது அந்த அண்ணன்தான். தீபாவளிக்குச் சேலை, ஆடிக்கு அழைப்பு எல்லாமே அவர் கையால். அப்படிப்பட்டவரைக் கடைசியில் வழியனுப்பாமல் பாதியில் எழுந்து வருவதா? அதுவும் மணியைத் தப்பாகக் கூட்டியதால்.

"அத்தை, நான் சொல்றதக் கேளுங்க. எடுக்கறதுக்குள்ள அவர் எறங்கிருவாரு. அங்க பொழுது நமக்கு முன்னாடியே விடிஞ்சிரும். அவங்க மூணேகாலு நமக்கு ஒண்ணே முக்கா."

நரசிப்பூர் தாண்டும்வரை யோசித்தார். "சரி, அங்க பொழுது முந்தி விடியுது. அத ஒத்துக்கறேன். அந்த ரெண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊருங்கற. அப்பறம் எதுக்கு அதுங்களுக்குள்ளயே வேற மணி?"

நான் இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்ட அதே கேள்வி. "அது அந்தந்தக் கவர்மெண்ட் வெச்சுக்கறது அத்தை."

"கவர்மெண்டு பொழுதையுமா மாத்தும்?" என்றார். அதற்குமேல் என் கணக்கில் அவருக்குத் துளி நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. ஆள் வைத்துத் திருத்துகிற மணியை எப்படி நம்புவது? மூன்றரையோடு முக்காலைக் கூட்டினால் நாலேகால், அது மாறாது.

மாமா பட்டு நூல் முறுக்குகிற மில் வைத்திருந்தவர். அன்றைக்கு மில் ஓடாததால் அந்தத் தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. பந்தலுக்குக் கீழே அவரைக் கிடத்தியிருந்தார்கள். மாமியார் கால்மாட்டில் போய் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். வந்த பெண்கள் எல்லாரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். இவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இடம் மட்டும் வேறாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஒன்றரை மணிக்கு மாமியார் எழுந்தார். மாமாவின் மனைவி தலைமாட்டில் இருந்தார். அவரை நான் கொள்ளேகால் அத்தை என்று கூப்பிடுவேன்.

"நான் கெளம்பறேனுங்க அண்ணி."

"எங்க போற அம்மிணி?"

"பையன் ஏரோப்பிளேன்ல போறானுங்க. இன்னம் எறங்குல. நான் தலைக்கு ஊத்தவும் முடியாது, ஊத்தாம இங்க நிக்கவும் முடியாது."

கொள்ளேகால் அத்தை என்னைப் பார்த்தார். "எப்பக் கண்ணு எறங்குவான்?"

"ஒண்ணே முக்காலுக்கு" என்று நானும், "நாலேகாலுக்கு" என்று மாமியாரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். காரியம் பார்த்துக்கொண்டிருந்த பங்காளி ஒருவர், "ஒரு பிளேனு ரெண்டு தடவையா எறங்குமுங்க?" என்று கேட்டார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நான் விளக்க ஆரம்பித்தேன். மூன்றரைக்கு ஏறி மூன்றேகாலுக்கு இறங்குகிறது என்ற இடத்தில் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். துபாயில் தம்பி வைத்திருந்த ஒருவர் என் பக்கம் வந்தார். அங்கே மணி நம்மைவிடப் பின்னால், அதேபோல இது முன்னால் என்றார். இன்னொருவர், அப்படியே திரும்பத் திரும்ப மேற்கே பறந்துகொண்டிருந்தால் நேற்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாமா என்று கேட்டார். நல்ல கேள்வி. தப்படிப்பவர்கள்கூடத் தப்பட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். மாமா மட்டும் எழுந்து உட்கார முடிந்திருந்தால் எல்லாரையும்விட அதிகமாக அவர்தான் கேட்டிருப்பார்.

கொள்ளேகால் அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பஸ்ஸு லேட்டாகற மாதிரி அதும் லேட்டாகுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆகுமுங்க அத்தை."

"அப்ப நாலேகாலே இருக்கட்டும்" என்றார் அவர் பங்காளியிடம். "இவரு மடியில உக்கார வெச்சுக் காது குத்துன பையன். அவன் எறங்கட்டும், அப்பறம் எடுங்க."

"நாலேகாலுங்களா? காலையில இருந்து ஒருத்தரும் பச்சத்தண்ணி குடிக்கலீங்க. அடுப்பே பத்த வெக்குல."

"புள்ளைங்களப் பக்கத்து ஊட்டுல சாப்பிடச் சொல்லுங்க. பெரியவங்க பொறுத்துக்கட்டும்."

நான் விடவில்லை. ஒன்றே முக்கால்தான் சரி, வேண்டுமானால் அரை மணி சேர்த்து இரண்டேகால் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். எத்தனையோ பேர் பசியோடு இருக்கிறார்களே என்று சொன்னாலும், உண்மையில் சரியான கணக்கு தோற்றுப்போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொள்ளேகால் அத்தை கோபப்படவில்லை. "தண்ணி ஊத்திக்கறது அவ. அவ மனசுக்கு எது ஒத்துக்குதோ அப்ப எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார்.

அந்த மத்தியானம் மாதிரி நீளமான மத்தியானத்தை நான் பார்த்ததில்லை. ஒன்றே முக்கால் ஆனதும், இதோ இறங்கிவிட்டார், பெட்டிக்காக நிற்கிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மேகம் இருந்தால்? கடலுக்கு மேலே காற்று அடித்தால்? அட்லஸில் ஒரு விரல் அகலம் இருந்த அந்தக் கடல் எனக்குள் விரிந்துகொண்டே போனது. தப்படிக்கிறவர்களில் வயதானவர் அடிக்கொரு தடவை வந்து, "எறங்கிருச்சுங்களா அம்மிணி?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு மட்டும் என்ன தந்தியா வந்தது? ஆனாலும் அவர் கேட்க வராதபோது, இன்னும் காணோமே என்று இருந்தது. கூட்டத்தில் யாரும் அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், மருமகன் கடல் தாண்டிக்கொண்டிருக்கிறான், இறங்கினதும் எடுக்கிறோம் என்று சொன்னார்கள். கேட்டவர்களும் சரி என்று உட்கார்ந்துகொண்டார்கள்.

நாலேகாலுக்கு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் கடிகாரம் இருந்தது. ஆனாலும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் மாமியாரிடம் குனிந்து, "எறங்கிட்டாரு அத்தை" என்றேன்.

"எறங்கிட்டானா?"

"எறங்கிட்டாரு."

அதன்பிறகுதான் அவர் "அண்ணா" என்று கத்தினார். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. நாங்கள் இரண்டு பேர் பிடித்தும் நிற்கவில்லை. மகன் நடுவழியில் இருக்கும்போது அழுவதும் ஆகாது என்று அந்த மனுஷி கண்ணீரையும் சேர்த்தே பிடித்துவைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாடை தெருமுனை திரும்பியது. முதல் குடத்தை அவரே எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் மட்டும் மைசூர் திரும்பினேன். மறுநாள் காலை கீழே கடைக்கு மேடானிலிருந்து போன் வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டே பேசினார். விமானம் இரண்டு மணி நேரம் லேட்டாம். ஐந்தரைக்கு ஏறி ஐந்தேகாலுக்கு இறங்கினாராம். லேட்டானாலும் ஏறுவதற்கு முன்னால் இறங்குவதை மட்டும் விடவில்லை என்றார். நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். நம் மணிக்கு மூன்றே முக்கால். என் பேச்சைக் கேட்டு இரண்டு மணிக்கு எடுத்திருந்தால், அவர் பினாங்கில் விமானம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் அம்மா இங்கே தலை முழுகியிருப்பார். அப்புறம்தான் மாமா விஷயத்தைச் சொன்னேன். "எத்தனை மணிக்கு எடுத்தாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "நான் அப்ப எறங்கிட்டேன்" என்றார்.

மூன்றாம் நாள் காரியத்துக்குக் கொள்ளேகால் போனபோது இரண்டு பேரிடமும் அப்படியே சொன்னேன். மாமியார் சிலிர்த்துப்போனார். "கேட்டீங்களா அண்ணி? அண்ணன் அவன எறக்கிவுட்டுட்டுத்தான் போயிருக்கறாரு" என்றவர், தெருவில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களிடமெல்லாம் சொல்ல எழுந்து போனார்.

கொள்ளேகால் அத்தையும் நானும் மட்டும் இருந்தோம். லேட்டாகும் என்று அவர் போட்ட கணக்கு சரியாகப் போய்விட்டது, என்னுடையது தப்பு என்றேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"பிளேனு எப்ப எறங்குமுன்னு எனக்கென்ன தெரியும் கண்ணு" என்றார் அவர். "நீ ஒரு மணி சொன்ன, அவ ஒரு மணி சொன்னா. எது பின்னாடி வருதோ அத எடுத்துக்கிட்டேன். அவுரு இன்னும் சித்த நேரம் ஊட்டுல இருக்கட்டுமுன்னு."